அம்மாக்களுக்கு மட்டும் என்று ஆரம்பிக்காதீர்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒருவர் கேட்டது இது. அலுவலகத்தில் 45 பேர். மெர்ச்சண்டைசிங் (பையரின், அதாவது துணி வாங்குகிறவரின், ஆர்டரை ஆரம்பம் முதல் கடைசி வரை கவனிப்பது), டாக்குமெண்டேஷன், அக்கவுண்ட்ஸ் என்று மூன்று பிரிவு. எல்லோருக்கும் காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வேலை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. சின்னக் குழந்தை வைத்திருக்கும் இரண்டு பெண்கள் 8 மணிக்கு வந்து 5 மணிக்குக் கிளம்பட்டுமா என்று கேட்கிறார்கள். கொடுத்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள், கொடுக்காவிட்டால் இவர்கள் இருவரும் நின்றுவிடுவார்கள் போலிருக்கிறது. இதனால் கம்பெனிக்கு உண்மையிலேயே நன்மை உண்டா, அல்லது நல்ல பெயர் வாங்குவதோடு சரியா? பக்கத்து யூனிட்டில் செக்கிங், பேக்கிங் செய்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

நன்மை உண்டு, கொடுங்கள். ஆனால் அந்த இரண்டு பேருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று பயப்படுகிறீர்களே, அப்படி வந்து நின்றால்தான் இது நிலைக்கும்.

ஆள் நிர்வாகமும் ஆடிட்டுமாக இந்த ஊரில் ரொம்ப வருடமாகக் காலம் தள்ளுகிறேன். இந்த ஏற்பாடு கெட்டுப்போன இடங்களில் எல்லாம் பெரும்பாலும் அது சலுகையாகத்தான் தொடங்கியிருக்கிறது. சலுகை என்றால் கொடுத்தவர் நினைவில் வைத்துக்கொள்வார், பக்கத்து சீட்டுக்காரர் கணக்கு வைத்துக்கொள்வார், வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு கிளம்புவார். அப்ரைசல் வரும்போது மூன்றும் சேர்ந்து வேலையைக் காட்டும். 5 மணிக்குக் கிளம்பும் பெண் காலை 8 மணிக்கே வந்து உட்கார்ந்தது யார் கண்ணிலும் பட்டிருக்காது, ஏனென்றால் அப்போது அங்கே யாரும் இல்லை. அவர் கிளம்புவது மட்டும் 44 பேருக்கும் தெரியும்.

இந்த யோசனை பிறந்த கதையே கொஞ்சம் வேடிக்கை. 1960-களின் நடுவில் மேற்கு ஜெர்மனியில் ஆள் பற்றாக்குறை. கிறிஸ்டல் கெமரர் என்ற பொருளியலாளர், வேலை நேரத்தைத் தளர்த்தினால் வீட்டில் இருக்கும் தாய்மாரை வேலைக்குக் கொண்டுவரலாம் என்றார். 1967-ல் மியூனிக் நகரை அடுத்த ஓட்டோபுருன்னில் ஒரு விமான நிறுவனம் அதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. பின்னாளில் மெஸ்ஸர்ஷ்மிட்-பெல்கோ-புளோம் என்று பெயர் பெற்ற நிறுவனம் அது. அவர்கள் அதைக் கையில் எடுத்ததற்கு முக்கியக் காரணம் தாய்மார் அல்ல, டிராஃபிக். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போனதால் சாலை அடைத்துக்கொண்டது. ஆகவே குறிப்பிட்ட சில மணி நேரம் எல்லோரும் இருந்தாக வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வசதி என்று வைத்தார்கள். யாரிடமும் காரணம் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அதில் பயனடைந்த தாய்மாரும் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தார்கள், தனியாகத் தெரியவில்லை.

பிரிட்டனில் இது தலைகீழாக நடந்தது. 2003 ஏப்ரலில், 6 வயதுக்குட்பட்ட குழந்தையோ 18 வயதுக்குட்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தையோ உள்ள பெற்றோர் வேலை நேரத்தை மாற்றித்தரக் கேட்கலாம் என்று சட்டம் வந்தது. 2007-ல் வீட்டில் பெரியவர்களைப் பராமரிப்பவர்களையும் சேர்த்தார்கள். 2009-ல் குழந்தையின் வயது 16 ஆயிற்று. 2014 ஜூன் 30 முதல் 26 வாரம் வேலை பார்த்த எவரும் எந்தக் காரணத்துக்காகவும் கேட்கலாம் என்றாயிற்று. 2024 ஏப்ரல் முதல் அந்த 26 வாரமும் போய், சேர்ந்த அன்றே கேட்கலாம். கேட்கத்தான் உரிமை, கிடைத்தே தீரும் என்பதில்லை. ஆனால் மறுப்பதானால் சட்டம் பட்டியலிட்டிருக்கும் 8 தொழில் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். செலவு கூடும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது, அந்த நேரத்தில் வேலையே இருக்காது, இப்படி. அந்தச் சட்டம் போய்ச்சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். உனக்கு ஏன் வேண்டும் என்ற கேள்வியை விட்டுவிட்டு, கொடுத்தால் வேலைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அதற்குப் பதினொரு வருடம் பிடித்தது. நீங்கள் நேராக அங்கிருந்தே தொடங்கலாம்.

அம்மாக்களுக்கு மட்டும் என்பதில் இன்னொரு கோளாறு இருக்கிறது, அது வீட்டுக்குள் நடப்பது. இந்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். அந்த வேலையைச் செய்வதாகச் சொன்னவர்களுக்குள் எடுத்த சராசரி இது, கை வைக்காத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். இந்த நிலையில் மனைவிக்கு மட்டும் நேரம் தளர்ந்தால் என்ன ஆகும்? வேன் ஏற்றிவிடுவது, காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் ஓடுவது, பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்குப் போவது எல்லாம் ‘நீதான் சீக்கிரம் வந்துடுறியே’ என்று அவர் தலையில் நிரந்தரமாக ஏறிவிடும். உங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கும் அப்பாக்களில் ஒருவராவது காலை 10 மணிக்கு வந்தால்தான், அவர் மனைவி வேறொரு கம்பெனியில் 8:30-க்குப் பஞ்ச் வைக்க முடியும். தந்தைக்கு இங்கே தனியார் துறையில் பேறுகால விடுப்பே சட்டத்தில் கிடையாது. நேரத்தையாவது கொடுங்கள்.

சரி, குழந்தை இல்லாதவர்களுக்கு என்ன பயன்? அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏதோ அவர்களுக்கு வீடு என்றே ஒன்று இல்லாதது போல. ஈரோட்டிலிருந்து ரயிலில் வருகிறவருக்கு, ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் உள்ள இடைவெளி தினமும் பயந்து ஓடுவதா, நிம்மதியாக வருவதா என்பதைத் தீர்மானிக்கிறது. சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுண்டன்சி) பரீட்சைக்குப் படிக்கும் அக்கவுண்ட்ஸ் பையனுக்கு விடியற்காலை இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தால் அது அவனுக்குப் பெரிய விஷயம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அப்பாவைக் கூட்டிப் போகிற மகன், ஒவ்வொரு முறையும் பெர்மிஷன் கேட்டுக் கேட்டு, அது தீர்ந்ததும் அரை நாள் லீவு போட்டு, அதுவும் தீர்ந்ததும் சம்பளப் பிடித்தத்துக்கு வந்து நிற்பார். பெரும்பாலும் அவர் எதையும் வெளியே சொல்வதில்லை. குழந்தை என்றால் அலுவலகத்தில் ஸ்வீட் கொடுக்கிறோம், அப்பாவின் சிறுநீரகத்தைப் பற்றி யார் பேசுவது?

இந்தக் கடைசி வகை ஆட்கள் இனிமேல் பெருகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 100-க்கு 10 பேருக்குச் சற்று மேல். 2031-ல் அது 18 பேருக்கு மேல் போகும் என்று மத்திய அரசின் மதிப்பீடு சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விடும், தேவை நாளாக ஆகக் குறையும். பெரியவர்கள் விஷயத்தில் தேவை கூடிக்கொண்டே போகும், எப்போது கூடும் என்றும் தெரியாது. அதைச் சுமக்கப் போகிறவர்கள் 40, 45 வயதில் இருக்கும் உங்கள் சீனியர் ஆட்கள். ஒரு சீனியர் மெர்ச்சண்டைசர் நின்றுவிட்டால் அவரோடு என்னென்ன போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த பையர் எந்த ஷேடில் பிடிவாதம், எந்த டையிங் யூனிட் சொன்ன தேதிக்குக் கொடுக்கும், யாரிடம் எத்தனை நாள் கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எந்த ஃபைலிலும் இருக்காது.

இனி கம்பெனியின் லாபம். இதில் ஆராய்ச்சிகளைப் பார்த்துச் சொல்கிறவர்கள் ஒன்றைக் குழப்பிவிடுகிறார்கள்: வேலை செய்யும் நேரத்தை மாற்றுவது வேறு, இடத்தை மாற்றுவது வேறு. அதிகம் பேசப்படும் சோதனைகள் இடத்தைப் பற்றியவை. சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் கால் சென்டர் ஆட்களில் ஒரு பகுதியினரை வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டது. அவர்கள் செய்த வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் ஏறத்தாழப் பாதியானார்கள். ஆனால் ஷிஃப்ட் நேரம் அவர்களுக்கு மாறவே இல்லை, அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு என்ன நேரமோ அதேதான். இன்னொரு முடிவைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீட்டிலிருந்தவர்கள் காட்டிய திறமைக்கு ஏற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 5 மணிக்குக் கிளம்பும் பெண்ணைப் பற்றி மேலே சொன்னேனே, அதே கதைதான். கண்ணில் படாதவர் வளர்வதில்லை.

அதே நிறுவனம் பின்னாளில் 1,612 பட்டதாரி ஊழியர்களிடம் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்று சோதித்தது. முடிவு 2024-ல் நேச்சர் இதழில் வந்தது. வேலைத்திறனில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. குறிப்பாகப் பெண்கள், மேலாளர் பதவியில் இல்லாதவர்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள் ஆகியோரிடம். சோதனைக்கு முன்பு வேலை குறையும் என்று நினைத்த மேலாளர்கள், முடிந்தபின் சராசரியாகத் தங்கள் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார்கள். இதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். வேலை இரண்டு மடங்காகும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆள் விட்டுப் போகாமல் இருப்பார். திருப்பூரில் அது போதாதா?

இன்னொரு லாபம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. ஜெர்மன் பையர் காலை 9 மணிக்கு சீட்டில் உட்காரும்போது இங்கே கோடையில் மதியம் 12:30, குளிர்காலத்தில் 1:30. அவர் மாலையில் அனுப்பும் மெயிலுக்கு உங்கள் ஆள் இரவு 9:30 மணிக்கு அலுப்போடு போனில் பதில் அடிக்கிறார். மறுநாள் காலை டையிங் யூனிட்டையும் பிரிண்டிங் யூனிட்டையும் பிடிக்க 8 மணிக்கே யாராவது போன் போட வேண்டும், அதையும் அவரே செய்கிறார். இந்த வேலையை 8 மணிக்காரர், 11 மணிக்காரர் என்று இரண்டு பேராகப் பிரித்தால், அலுவலகம் ஒருவருக்கும் ஓவர்டைம் கொடுக்காமலே 11 மணி நேரம், 12 மணி நேரம் திறந்திருக்கும். இளம் வயதில் தனியாக இருக்கும் பையன்களில் பலருக்கு 11 மணிதான் பிடிக்கும். நீங்கள் கேட்டதே இல்லை, அவ்வளவுதான்.

இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. நேரத்தைத் தளர்த்துவது போர்டில் ஒட்டும் சர்க்குலரால் நடக்காது. ஒருவர் வேலையை இன்னொருவர் பாதியில் எடுத்துத் தொடர முடியுமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2023-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதை அமெரிக்க மருந்தாளுநர்களை வைத்து விளக்கியிருக்கிறார். ஒரு காலத்தில் அங்கே சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவர்கள் எந்நேரமும் கடையில் இருக்க வேண்டியிருந்தது. பிறகு கடைகள் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போயின, மருந்துகள் ஒரே சீராக வந்தன, நோயாளியின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிற்று. ஒரு மருந்தாளுநர் எழுந்து போனால் அடுத்தவர் அதே இடத்திலிருந்து தொடரலாம் என்ற நிலை வந்தது. அதனால் குறைந்த நேரம் வேலை செய்கிறவருக்கும் மணி நேரக் கூலியில் பெரிய நஷ்டம் இல்லை. அந்தத் தொழிலில் இன்று பெண்களே அதிகம், ஆண் பெண் சம்பள வித்தியாசமும் மிகக் குறைவு. இதற்கு மாறாக, வக்கீல் தொழிலும் நிதித் துறையும் கட்சிக்காரருக்கு ‘அவரே வேண்டும்’ என்ற தொழில்கள். அங்கே எந்நேரமும் இருப்பவருக்கே பணம் குவிகிறது.

நம் மெர்ச்சண்டைசர்கள் இப்போது அந்த வக்கீல்களைப் போல இருக்கிறார்கள், மருந்தாளுநர்களைப் போல ஆக்கலாம். ஒரு பையருக்கு இரண்டு பேர் என்று வையுங்கள். மெயில் தனி ஆள் பெயரில் வராமல் அந்த பையருக்கான பொது ஐ.டி.க்கு வரட்டும். லேப் டிப் (நிறம் பார்க்கச் சாயமிட்ட மாதிரித் துணி) எந்த நிலையில் இருக்கிறது, ஃபேப்ரிக் எப்போது வரும், இன்ஸ்பெக்ஷன் தேதி என்ன என்பது டி.என்.ஏ. ஷீட்டில் (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்று காட்டும் அட்டவணை) அன்றன்றைக்கு ஏற வேண்டும். கிளம்பும்போது ஐந்து வரி எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதைச் செய்யாமல் நேரத்தை மட்டும் தளர்த்தினால், தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பும் நாளில் இன்வாய்ஸ் எங்கே இருக்கிறது என்று 5 மணிக்குக் கிளம்பிய பெண்ணுக்கு எட்டு போன் போகும். அவர் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே பதில் சொல்வார். வாட்ஸாப்பில் முழு நேரமும் கட்டிப்போட்டுவிட்டு அதற்கு நெகிழ்வு நேரம் என்று பெயர் வைப்பது மோசடி. நேரம் முடிந்தவருக்குப் போன் போடக் கூடாது என்பது விதியாகவே இருக்கட்டும். முதலாளிக்கும் சேர்த்துத்தான்.

ஏற்பாடு எப்படி? 11 மணியிலிருந்து 4 மணி வரை எல்லோரும் இருக்க வேண்டும், மீட்டிங் எல்லாம் அதற்குள். ஆரம்பிக்கும் நேரம் காலை 7:30-க்கும் 11-க்கும் இடையில் அவரவர் விருப்பம். ஆனால் தினமும் மாற்றக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேர்ந்தெடுத்துச் சொல்லிவிட வேண்டும், பொதுத்தேர்வு மாதம், ஊர்த்திருவிழா என்று இடையில் வந்தால் இருவர் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். காரணம் எழுதும் கட்டமே விண்ணப்பத்தில் வேண்டாம். மறுப்பதானால் நீங்கள் காரணம் எழுதுங்கள். முதல் மூன்று மாதம் சோதனை என்று சொல்லிவிட்டு, பெர்மிஷன் எத்தனை போனது, திடீர் லீவு எத்தனை, தேதி தவறிய ஷிப்மெண்ட் எத்தனை என்று முந்தைய மூன்று மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

நாலே நாளில் 48 மணி நேரத்தை முடித்துக்கொள்கிறோம் என்று யாராவது கேட்டால் மட்டும் அவசரப்பட வேண்டாம். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947 நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் லேபர் கன்சல்டன்ட்டைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மகப்பேறு விடுப்பு முடிந்து வருகிறவர் விஷயம் தனி. 2017 திருத்தத்தின்படி, வேலையின் தன்மை அனுமதித்தால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம். 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி வந்திருக்கிறது. அதே திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கேட்கிறது. அலுவலகத்தில் 45 என்று நினைத்து இருந்துவிடாதீர்கள், யூனிட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பகம் என்று சொல்லிவிட்டு ஆடிட் அன்று மட்டும் தொட்டிலையும் பொம்மையையும் வெளியே எடுக்கிற வழக்கம் இந்த ஊரில் உண்டு. அப்படிச் செய்வதற்குப் பதில் செய்யாமலே இருக்கலாம்.

கடைசியாக யூனிட். லைன் ஓடும்போது ஒருவர் 8 மணிக்கும் இன்னொருவர் 10 மணிக்கும் வர முடியாது, அது புரிகிறது. அங்கே நெகிழ்வு என்று பேசினாலே ஆட்கள் சந்தேகப்படுவார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறிய தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா, 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. அதையும் நெகிழ்வு என்றுதான் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததில் சில நாட்களில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஒன்றரை ஷிஃப்டில் பழகிய திருப்பூர் தொழிலாளிக்கு, நேரத்தை வளைக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அவர்களுக்கு வேண்டியது முன்கூட்டியே தெரிவது. அமெரிக்காவில் கேப் என்ற நிறுவனத்தின் துணிக்கடைகளில் 2015, 2016-ல் ஒரு சோதனை நடந்தது, ஆராய்ச்சியாளர்களில் சரவணன் கேசவன் என்பவரும் ஒருவர். சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ வட்டாரங்களில் 28 கடைகளை எடுத்து, அவற்றில் ஒரு பகுதியில் வேலை நேரம் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாதபடி செய்தார்கள், ஊழியர்கள் ஷிஃப்டைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளப் போனில் ஒரு செயலியும் கொடுத்தார்கள். அந்தக் கடைகளில் விற்பனை 7 சதவீதம் கூடியது. உங்கள் யூனிட்டில் இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை. அடுத்த வாரம் ஒன்றரை ஷிஃப்ட் எந்தெந்த நாள், ஞாயிறு வேலை உண்டா என்பதை சனிக்கிழமை சம்பளத்தோடு சொல்லாமல் புதன்கிழமையே போர்டில் எழுதிவிடுங்கள். முடியாது என்பவர் தனக்குப் பதில் ஒரு ஆளைச் சொன்னால் சூப்பர்வைசர் ஏற்றுக்கொள்ள வேண்டும். செக்கிங் டேபிளில் இருக்கும் பெண்களுக்குப் பள்ளி வேன் வரும் நேரத்தை ஒட்டி அரை மணி நேரம் தள்ளிக் கொடுக்க முடிகிறதா பாருங்கள். தையல் லைனைப் போல அங்கே ஒருவர் கை இன்னொருவர் கைக்காகக் காத்திருப்பதில்லை, அதனால் பெரும்பாலும் முடியும்.